சுவரில் நிற்கும் எக்ஸ்பிரஸ்!

பரணில் தூங்கும் மாடல் ரயில்களை வீட்டுச் சுவரில் அழகாகவும் பத்திரமாகவும் வைப்பது எப்படி?

"ஏங்க... தீபாவளிக்குள்ள வெள்ளையடிச்சு முடிக்கணும். பரண்ல இருக்கிற அந்த ரயில் பெட்டியை என்னதான் பண்றது? வருஷக்கணக்கா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு!"

மாடல் ரயில் சேர்க்கும் ஒருவர் இருக்கும் வீட்டில், இந்த வசனம் என்றாவது ஒருநாள் காதில் விழாமல் போகாது. ஏணி போட்டு அட்டைப்பெட்டியை இறக்குவார்கள். உள்ளே பழுப்பேறிய செய்தித்தாள், நொறுங்கிய தெர்மக்கோல். பச்சை எஞ்சினின் சக்கரத்தில் துரு. மெரூன் நிறப் பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூலையில் கரப்பான் பூச்சி முட்டை. பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கும் பேரன் மட்டும் கண்கள் விரியக் கேட்பான்... "தாத்தா, இவ்ளோ நாளா இதை ஏன் எனக்குக் காட்டவே இல்ல?"

பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பரணில் ஏற்றியிருப்பார். ஆனால், மாடல் ரயில்களுக்குப் பரணைவிட மோசமான இடம் வீட்டில் வேறு இல்லை. வெயில் காலத்தில் மேல்தளத்தின் சூடு, மழைக்காலத்தில் ஈரம், எப்போதும் பூச்சிகள். சுவரில் ஓர் அலமாரி அமைத்து ரயில்களை வரிசையாக நிறுத்திவிட்டால், பார்க்கவும் அழகு, ஏதாவது பழுதானால் உடனே கண்ணிலும் படும். இதற்கு ஒரு தனி அறையே வேண்டும் என்பதில்லை. சோபாவுக்கு மேலே இருக்கும் வெற்றுச் சுவர் போதும். ஆனால், அவசரப்பட்டு ஆணி அடித்துவிடாமல் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

வீடு சுருங்கியது... ரயிலும் சுருங்கியது!

ஜெர்மனியைச் சேர்ந்த மேர்க்லின் நிறுவனம், 1891-ல் லைப்ஸிக் கண்காட்சியில் தண்டவாளத்தோடு கூடிய பொம்மை ரயிலை வைத்தது. ஒரு பெட்டி வாங்கியவர் அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு பெட்டிகளும் கொஞ்சம் தண்டவாளமும் வாங்கிச் சேர்க்கலாம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். ரயில் 'சேர்க்கும்' பொழுதுபோக்கு வேர்பிடிக்க இந்த யோசனை பெரிதும் உதவியது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை விற்கத் தொடங்கினார்.

அந்தக் கால ரயில்கள் பெரியவை. ஓட்டிப்பார்க்க ஒரு கூடமே வேண்டும். நகரத்து வீடுகளில் அவ்வளவு இடம் ஏது? 1930-களில், பழைய 'ஓ' அளவில் ஏறக்குறைய பாதியாக ரயில்கள் சுருங்கின. அப்படி வந்ததுதான் இன்று உலகம் முழுக்க அதிகம் சேர்க்கப்படும் 'எச்.ஓ.' அளவு. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் மாடல்களில் 'ஓ.ஓ.' என்று போட்டிருந்தால் அது 76-ல் ஒரு பங்கு, கொஞ்சம் பெரியது. 'என்' என்று போட்டிருந்தால் பொதுவாக 160-ல் ஒரு பங்கு. மேர்க்லின் 1972-ல் கொண்டுவந்த 'இசட்' அளவு இன்னும் குட்டி, 220-ல் ஒரு பங்கு. எஞ்சினையே உள்ளங்கைக்குள் மூடிவிடலாம்.

உங்களிடம் இருப்பது எந்த அளவு என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. ரயிலின் அடிப்பகுதியிலோ, வாங்கிய பெட்டியிலோ குறிப்பிட்டிருப்பார்கள். அலமாரியின் எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான்.

முதலில் டேப்பை எடுங்கள்!

இன்று ஓடும் எல்.எச்.பி. பெட்டி ஒன்றின் நீளம், இரு முனைகளின் இணைப்பையும் சேர்த்து ஏறக்குறைய 24 மீட்டர். எச்.ஓ. அளவில் அது சுமார் 27.5 சென்டிமீட்டர். அதை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின் சுமார் 23.5 சென்டிமீட்டர். 10 அடி நீளச் சுவர் இருந்தால் ஓர் எஞ்சினும் ஒன்பது பெட்டிகளும் தாராளமாக நிற்கும்.

'எனக்கு 22 பெட்டிகளோடு முழு எக்ஸ்பிரஸையும் நிறுத்த வேண்டும்' என்று ஆசைப்பட்டால்? கிட்டத்தட்ட 21 அடி சுவர் வேண்டும். சாதாரண அபார்ட்மென்ட் ஹாலில் அது நடக்காது. அதே ரயில் 'என்' அளவில் சுமார் பதினொன்றே கால் அடியில் அடங்கிவிடும். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள், கடையில் நின்று அளவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே வீட்டுச் சுவரை அளந்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், நீளம்தான் பிரச்னை. உயரமும் அகலமும் மிகக் குறைவு. எச்.ஓ. பெட்டியின் உயரம் 5 சென்டிமீட்டருக்குள். அகலம் 4 சென்டிமீட்டருக்குள். ஆக, மூன்று அங்குல அகலப் பலகையே ஒரு வரிசைக்குப் போதும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், மேல் தட்டில் இடிக்காமல் கையை விட்டு ரயிலை எடுக்கலாம். ஒன்றரை அடி உயரத்துக்குள் நான்கு தட்டுகள், நான்கு ரயில்கள்! ஒரு காலண்டரைவிட அதிகம் துருத்திக்கொண்டு நிற்காது என்பதால், நடமாட்டம் உள்ள கூடத்திலும் இடைஞ்சல் இல்லை.

எடையும் பயப்படும் அளவு இல்லை. எச்.ஓ. எஞ்சின் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள் இருக்கும். பெட்டிகள் இன்னும் இலேசு. ஒன்பது பெட்டி ரயில் மொத்தமே இரண்டு கிலோவைச் சுற்றித்தான் வரும். பழைய தகர ரயில்கள் மட்டும் கனமானவை. அவற்றுக்குப் பலகையும் தாங்கியும் வலுவாக இருக்க வேண்டும்.

எந்தச் சுவர் நல்ல சுவர்?

வெயில் படாத சுவர்தான் நல்ல சுவர். மேற்கு ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சுவரில் மாலை வெயில் நேராக அடிக்கும். சிவப்பு, மெரூன் போன்ற நிறங்கள் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். ஒரே பெட்டியின் ஒரு பக்கம் பளிச்சென்றும், மறுபக்கம் சோகை பிடித்தது போலவும் ஆகிவிட்டால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. வேறு சுவரே இல்லையென்றால் ஜன்னலுக்குக் கனமான திரை கட்டாயம்.

சமையலறைக்கு அடுத்த சுவரும் வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப் புகை கண்ணுக்குத் தெரியாமல் படிந்து, அதன் மேல் தூசு ஒட்டிக்கொண்டால், சாதாரண பிரஷ்ஷுக்கு அது அசையாது. பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவருக்கும் இதே கதைதான். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை தினமும் படியும். குளியலறையை ஒட்டிய சுவரில் ஈரம் கசியும். உள்ளே தண்ணீர்க் குழாயும் ஓடும். வாசல் கதவை ஒட்டிய சுவரில், கதவை அறைந்து சாத்தும் ஒவ்வொரு முறையும் ரயில் ஓர் இழை நகரும். நூறு முறை நகர்ந்தால் ஒருநாள் தரைக்கு வந்துவிடும்.

உயரம்? பெரியவர்கள் நின்று பார்க்கும் கண்மட்டம், அதாவது நாலரை முதல் ஐந்து அடி. சோபாவுக்கு மேலே வைப்பதென்றால், உட்கார்ந்திருப்பவர் எழும்போது தலை இடிக்காத உயரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையா, அலுமினியமா, கண்ணாடி அலமாரியா?

ஜெர்மனி போன்ற நாடுகளில், தண்டவாளத்துக்கான பள்ளம் செதுக்கிய கண்ணாடி அலமாரிகள் ரெடிமேடாகவே விற்கின்றன. நம் ஊரில் கார்பென்டரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ப்ளைவுட் பலகை. 12 மில்லிமீட்டர் கனம் போதும். ஈரம் தாங்கும் தரமான ப்ளைவுட்டாக வாங்குங்கள். எம்.டி.எஃப். பலகை விலை குறைவுதான். ஆனால், ஈரத்தில் ஊறி உப்பிவிடும். பலகையின் மேல் நிஜமான மாடல் தண்டவாளத்தையே ஒட்டி அதன் மேல் ரயிலை நிறுத்தினால், நிற்கும் ரயிலுக்கும் ஓர் உயிர் வந்துவிடும். தண்டவாளத்துக்குச் செலவழிக்க வேண்டாம் என்பவர்கள், சக்கரம் உட்காரும்படி பலகையில் இரண்டு பள்ளக் கோடுகள் இழைத்துத் தரச் சொல்லலாம். அளவை வாயால் சொல்வதைவிட ஒரு சரக்குப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுவது மேல்.

இரண்டாவது வழி, அலுமினிய சேனல். ஜன்னல், ஷோகேஸ் செய்யும் கடைகளில் 'யு' வடிவ சேனல் கிடைக்கும். கரையான் பயம் இல்லை, வளையாது, ஓரத்திலேயே தடுப்பும் இருக்கிறது. பார்வைக்குக் கொஞ்சம் கடை அலமாரி மாதிரி இருக்கும் என்பதுதான் குறை.

மூன்றாவது, முன்பக்கம் நகரும் கண்ணாடி வைத்த மூடிய அலமாரி. செலவு அதிகம். ஆனால், தூசு, பல்லி, குழந்தைகளின் கை என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இதுதான். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். புது ப்ளைவுட், வார்னிஷ், பசை எல்லாம் சில வாரங்களுக்கு ஆவியை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசையின் ஆவி உலோகத்தை அரிக்கும். அலமாரி தயாரானதும் ஆசையில் அன்றைக்கே ரயிலை உள்ளே வைத்து மூடிவிடாமல், வாடை போகும்வரை சில வாரங்கள் திறந்து போட்டு வையுங்கள்.

பின்னணி நிறம் வெளிர் சாம்பலோ, வெளிர் நீலமோ இருந்தால் எல்லா ரயிலும் எடுப்பாகத் தெரியும். பூப்போட்ட வால்பேப்பர் வேண்டாம். ரயில் அதில் தொலைந்துபோகும்.

துளை போடும் முன்...

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. பெரும்பாலான வீடுகளில் வயர் அந்த வழியாகத்தான் சுவருக்குள் இறங்கும்.

செங்கல் சுவரின் மேல் சிமென்ட் பூச்சே அரை அங்குலம் இருக்கும். திருகு அந்தப் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போனால்தான் பிடிப்பு. இரண்டு அங்குலத் திருகும் அதற்கேற்ற பிளாஸ்டிக் பிளக்கும் போடச் சொல்லுங்கள். ஒன்றரை அல்லது இரண்டு அடிக்கு ஒரு பிடிமானம் இருந்தால் பலகை நடுவில் தொய்யாது. புதிய அடுக்குமாடிகளில் இலேசான சாம்பல் நிறக் கற்களால் கட்டிய சுவர்கள் உண்டு. அவற்றில் சாதாரண பிளக் நிற்காது. அதற்கென்று தனி பிளக் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் கடைசித் திருகை முடுக்கக் கூடாது. புத்தக அலமாரி கொஞ்சம் சாய்ந்தாலும் புத்தகம் நிற்கும். ரயில் ஓடிவிடும்!

வாடகை வீடா? சுவரில் ஓட்டை போட்டால் அட்வான்ஸில் கை வைப்பார்கள் என்ற பயம் நியாயமானது. தரையில் நிற்கும் குறுகலான ரேக் ஒன்றைச் செய்து சுவரோடு சாய்த்து வைக்கலாம். வீடு மாறும்போது அதுவும் கூடவே வரும். குழந்தைகள் ஏறினால் கவிழாதபடி அடிப்பகுதி கனமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும்.

விழாமல் நிற்க மூன்று தடுப்புகள்

ஐந்து அடி உயரத்திலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்த எஞ்சின் அநேகமாக முழுதாகத் திரும்பாது. அதனால் இந்த மூன்றும் அவசியம்.

முன்பக்கத் தடுப்பு: பலகையின் ஓரத்தில் அரை அங்குல உயரத்துக்குச் சட்டமோ, அக்ரிலிக் பட்டையோ. சக்கரம் மறையாமல் இருக்க வேண்டும் என்பவர்கள், மெல்லிய நைலான் நரம்பை இரு முனையிலும் இழுத்துக் கட்டலாம். இரண்டு அடி தள்ளி நின்றால் அது கண்ணுக்கே தெரியாது.

முனைத் தடுப்பு: ரயில் நிலையத்தில் தண்டவாளம் முடியும் இடத்தில் இருக்குமே, அதே பஃபர் தடுப்பின் குட்டி வடிவம். தீக்குச்சி அளவு மரத்துண்டுகளை வைத்து வீட்டிலேயே செய்துவிடலாம். பிள்ளைகளுக்கு நல்ல விடுமுறை வேலை.

சக்கரத் தடுப்பு: முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் சக்கரத்தின் அடியில் சின்ன ஸ்பாஞ்ச் துண்டு. தட்டின் குறுக்கே மின்விசிறிக் காற்று அடித்தாலும் ரயில் அசையாது.

சுவரில் ஒரு சரித்திரம்

ரயில்களை வாங்கிய வரிசையில் அடுக்குவது ஒரு வழி. ஆனால், பார்க்க வருபவருக்கு ஒரு கதை சொல்லும்படி அடுக்கினால் சுவருக்கே மதிப்பு கூடும்.

இந்திய ரயில்களையே எடுத்துக்கொள்வோம். மேல் தட்டில் நீராவி எஞ்சின். 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து வந்திறங்கிய, கூம்பு மூக்குடன் இருக்கும் டபிள்யூ.பி. வகை. அடுத்த தட்டில் 1962-ல் அறிமுகமான டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின். பின்னால் செங்கல் நிறப் பெட்டிகள். நம் வீட்டுப் பெரியவர்கள் கரித்தூசியும் சாப்பாட்டுக் கூடையுமாகப் பயணம் செய்த காலம். அதற்குக் கீழே மின்சார எஞ்சினும் 1990-களில் வரத் தொடங்கிய நீலப் பெட்டிகளும். கடைசித் தட்டில் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2018-ல் உருவான வந்தே பாரத். அதே ஐ.சி.எஃப். 1955-ல் உற்பத்தியைத் தொடங்கியது என்பதால், பெட்டிகளின் கதையில் நம் சென்னைக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு. நிறமும் வடிவமும் சரியா என்று சந்தேகம் வந்தால், ஐ.சி.எஃப். அருகிலேயே 2002-ல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வரலாம்.

கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்திய அகல ரயில் பாதை 1,676 மில்லிமீட்டர். எச்.ஓ. கணக்கில் அது 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். ஆனால், எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். அதனால் பெரும்பாலான இந்திய மாடல்களின் சக்கரங்கள் நிஜத்தைவிடச் சற்று நெருங்கி நிற்கும். அது உங்கள் மாடலின் குறையல்ல.

ஊட்டி மலை ரயில் மாடல் கையில் இருந்தால் அதற்கென்று தனித் தட்டு கொடுங்கள். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை, 1908-ல் ஊட்டிவரை வந்த ரயில். 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. இந்த ரயிலை அடுக்கும்போது பலரும் பழக்கதோஷத்தில் எஞ்சினை முன்னால் வைத்துவிடுவார்கள். குன்னூருக்கு ஏறும் ரயிலில் எஞ்சின் பின்னால், அதாவது மேட்டுப்பாளையம் பக்கம் இருந்து தள்ளிக்கொண்டு போகும். முன்பக்கப் பெட்டியில் நிற்கும் பணியாளர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். மிகச் செங்குத்தான இடத்தில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். மூன்றடிப் பலகையின் ஒரு முனையை மூன்று அங்குலம் உயர்த்தினால் அதே சரிவு உங்கள் சுவரில் வந்துவிடும். சக்கரத் தடுப்பை மட்டும் மறந்துவிடக் கூடாது!

விலை உயர்ந்த மாடல்கள்தான் வேண்டும் என்பதும் இல்லை. அட்டையில் வெட்டி ஒட்டிய ரயில், த்ரீ-டி பிரின்டரில் எடுத்த பெட்டி, ரயில் நிலைய நடைமேடையில் வாங்கிய பிளாஸ்டிக் எஞ்சின்... எல்லாவற்றுக்கும் சுவரில் இடம் உண்டு.

வெளிச்சம் எவ்வளவு?

தட்டுகளுக்குள் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டினால் அழகு கூடும். மேல் தட்டின் அடியில், முன் ஓரமாக ஒட்டுங்கள். பின்னால் ஒட்டினால் ரயில் வெறும் நிழலாகத் தெரியும். ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி சூடாகும். அதை அலமாரிக்கு வெளியே வைக்க வேண்டும். விருந்தினர் வந்தால் போடுங்கள், தூங்கப்போகும்போது அணைத்துவிடுங்கள்.

ஈரம், உப்புக்காற்று, பல்லி!

வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத ஒரு எதிரி நம் வீடுகளில் உண்டு. பல்லி! டியூப் லைட்டுக்கு அருகே திறந்த தட்டு வைத்தால், பூச்சி தேடி வரும் பல்லி முதல் வகுப்புப் பெட்டியின் கூரையில்தான் எச்சமிடும். காய்ந்தவுடன் சுரண்டினால் பெயின்ட்டும் வந்துவிடும். ஈரப் பஞ்சால் சில நிமிடங்கள் ஊறவைத்து ஒற்றி எடுப்பதே சரி. திறந்த தட்டைக் குழல்விளக்கிலிருந்து தள்ளி வைப்பது அதைவிடச் சரி.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று, இரும்புச் சக்கரத்தையும் திருகுகளையும் துருப்பிடிக்க வைக்கும். பித்தளையைக் கறுக்கச் செய்யும். மூடிய அலமாரியில் மூலைக்கு ஒன்றாக சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள் வைக்கலாம். நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது மாற்றுவது என்பதும் தெரிந்துவிடும். சின்னக் குழந்தைகள் கைக்கு அவை எட்டக் கூடாது.

பேட்டரி போடும் ரயிலாக இருந்தால், தட்டில் ஏற்றும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்துவிட்டால் உள்பாகம் முழுக்க அரித்துவிடும். மின்சார எஞ்சின்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை இறக்கி, தண்டவாளத்தில் சில நிமிடங்கள் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அசையாமலே நின்றால் உள்ளே இருக்கும் எண்ணெய் கெட்டியாகிவிடும்.

தானாக நொறுங்கும் எஞ்சின்!

மிகப் பழைய மாடல் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, 'ஜிங்க் பெஸ்ட்'. பெயரில் பூச்சி இருந்தாலும் இது பூச்சி அல்ல, நோயும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல மாடல்களின் சக்கரமும் உடலும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. அந்தக் கலவையில் துளி ஈயம் கலந்துவிட்டாலும், பல ஆண்டுகளுக்குப் பிறகு உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, மயிரிழை விரிசல் விட்டுக் கடைசியில் பிஸ்கட் போல உதிரும். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். தொடங்கிவிட்டால் திரும்பச் சரிசெய்ய முடியாது, வேகத்தைத்தான் குறைக்கலாம்.

இது ஒரு ரயிலிலிருந்து அடுத்த ரயிலுக்குத் தொற்றாது என்பது ஆறுதல். ஆனால், பழைய மாடலைப் பணம் கொடுத்து வாங்கும் முன் சக்கரத்திலும் அடிப்பகுதியிலும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும். அலமாரி வீட்டில் இருப்பதன் பெரிய பலனே இதுதான். பெட்டிக்குள் இருந்தால் நொறுங்கிய பிறகுதான் தெரியும்.

தூசு யார் துடைப்பது?

பெரும்பாலான வீடுகளில் சண்டை தொடங்கும் இடம் இது! சேர்ப்பது ஒருவர், துடைப்பது இன்னொருவர் என்றால் அந்த அலமாரி வீட்டில் நிலைக்காது. ரயில் யாருடையதோ, துடைக்கும் வேலையும் அவருடையதே என்று முதல் நாளே பேசி முடித்துவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

வீட்டில் தரை துடைக்கும் துணியும், மயிலிறகு பிரஷ்ஷும் இதற்கு ஆகாது. பான்டோகிராஃப், கைப்பிடிக் கம்பி, கண்ணாடி வைப்பர் எல்லாம் இழை போன்றவை. துணியில் சிக்கி ஒடிந்துவிடும். மேக்கப்புக்குப் பயன்படும் அகலமான மெத்தென்ற பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பல்ப் இடுக்குத் தூசுக்கு உதவும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி, ஒரே திசையில் மெதுவாக. தின்னர், ஸ்பிரிட், பாத்திரம் கழுவும் சோப்பு எதுவும் பெயின்ட் மேல் படக் கூடாது. எடுக்கும்போது கூரையையோ பக்கவாட்டுக் கம்பியையோ பிடிக்காமல், அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.

திறந்த தட்டுக்கு வாரம் ஒருமுறை, மூடிய அலமாரிக்கு மாதம் ஒருமுறை போதும்.

'தொடாதே' என்று சொல்லாத ஒரு தட்டு

சுவர் முழுக்க ரயிலை வைத்துவிட்டு, குழந்தையிடம் 'தொடாதே' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் குழந்தைக்கு ரயில் மேல் ஆசையே விட்டுப்போகும். இதற்கு எளிய வழி, அடித்தட்டைக் குழந்தைக்கே கொடுத்துவிடுவது. விலை குறைந்த, விழுந்தாலும் உடையாத ரயில்கள் அங்கே. எடுக்கலாம், ஓட்டலாம், திரும்ப வைக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை. மேல் தட்டு ரயில்களை ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு உட்கார்ந்து கையில் எடுத்துப் பார்க்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில், கழன்று வரும் சின்னப் பாகங்கள் உள்ள ரயில் எதுவும் அடித்தட்டில் இருக்கக் கூடாது.

ஒரு நோட்டு... ஒரு பேனா!

அலமாரி தயாரானதும் செய்ய வேண்டிய கடைசி வேலைக்குக் காசு செலவில்லை. ஆனால், பலரும் இதைத்தான் செய்வதில்லை. ஒரு நோட்டு எடுத்து, ஒவ்வொரு ரயிலின் பெயர், வாங்கிய ஆண்டு, ஊர், கொடுத்த விலை, இன்று உத்தேசமாக என்ன பெறும் என்று எழுதி வையுங்கள். செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். வாங்கிய அட்டைப்பெட்டிகளைத் தூக்கி எறிய வேண்டாம். பெட்டியோடு இருக்கும் மாடலுக்கு மதிப்பு அதிகம். பெட்டிகளை மடித்து உலர்ந்த இடத்தில் வைக்கலாம். உள்ளே இருக்கும் ரயில்தான் பரணில் இருக்கக் கூடாது.

இது எதற்கு என்று கேட்கலாம். சேர்த்தவர் இல்லாமல் போகும் நாளில், வீட்டிலிருப்பவர்களுக்கு அது ஒரு பெட்டி 'பழைய பொம்மை'. எது இருநூறு ரூபாய் பிளாஸ்டிக், எது ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய எஞ்சின் என்று அவர்களுக்குத் தெரியாது. எடைக்குப் போட்டுவிட்ட பிறகு வருந்திப் பயனில்லை. நோட்டு இருந்தால், வைத்துக்கொள்வதா, விரும்பிக் கேட்பவருக்குக் கொடுப்பதா, விற்பதா என்று அவர்கள் நிதானமாக முடிவு செய்வார்கள்.

விலையோடு கூடவே ஒரு வரி கதையும் எழுதுங்கள். 'முதல் போனஸில் வாங்கியது', 'மகள் பிறந்த வாரம் வந்தது', 'அப்பா ஓட்டிய எஞ்சினைப் போலவே இருந்ததால் வாங்கினேன்'. அடுத்த தலைமுறை, விலையைவிட இந்த வரியைத்தான் முதலில் படிக்கும்.

புனேயின் கோத்ருட் பகுதியில் ஒரு குட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பி.எஸ். ஜோஷி என்பவரின் சொந்தப் பொழுதுபோக்காகத் தொடங்கி, 1998-ல் பொதுமக்கள் பார்க்கும் அருங்காட்சியகமாக வளர்ந்தது அது. எல்லா வீட்டு அலமாரியும் அப்படி ஆக வேண்டியதில்லை. வீட்டுக்குள் நாலு பேர் நின்று பார்த்தால் போதும்.

வெள்ளையடித்து முடித்த சுவரில், பெயின்ட் வாடை போன பிறகு, முதல் பலகை ஏறட்டும். துரு துடைத்த பச்சை எஞ்சின் முன்னால் நிற்கட்டும். கவர் ஒட்டிப் பெயின்ட் உரிந்த மெரூன் பெட்டியையும் ஒதுக்காமல் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தழும்புக்கும் ஒரு கதை இருக்கிறது. தட்டின் கடைசியில் ஒரு பெட்டிக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுவையுங்கள்.

"தாத்தா, இங்க என்ன வரும்?" என்று பேரன் கேட்பான். "அதை நீதான் வாங்கிட்டு வரணும்" என்று சொல்லிவிடலாம்.